ஒரே ஃபைபர், மூன்று குடும்பம்: என் பிரின்ட் கீழ்வீட்டில் போய் விழுகிறது

இரண்டாம்மாடி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இருப்பது பெங்களூரு பிடிஎம் இரண்டாம் ஸ்டேஜ், 30க்கு 40 சைட்டில் கட்டிய வீடு. தரைத்தளத்தில் ஓனர் குடும்பம், முதல் மாடியில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தம்பதி, இரண்டாம் மாடியில் நாங்கள். வாடகையோடு இன்டர்நெட்டும் சேர்த்தி. ஃபைபர் கீழ்வீட்டு ஹாலுக்கு வருகிறது. அங்கே இருக்கும் இன்டர்நெட் கம்பெனி பெட்டியிலிருந்து ஒரு கேபிள் மாடிப்படி ஓரமாக ஏறி முதல் மாடி வாசலில் எட்டு போர்ட் ஸ்விட்ச் (ஒரு கம்பியைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) ஒன்றில் முடிகிறது, அதிலிருந்து எனக்கு ஒன்று, முதல் மாடிக்கு ஒன்று. என் வீட்டில் பழைய ரவுட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயின்டாக மாற்றி வைஃபை விட்டிருக்கிறேன், டிவியும் ஆபீஸ் லேப்டாப்பும் கம்பியில்.

போன வியாழக்கிழமை மகளின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை பிரின்ட் கொடுத்தேன். என் பிரின்டர் அசையவே இல்லை. தாள் சிக்கிவிட்டதோ என்று திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு அஜ்ஜி (கன்னடத்தில் பாட்டி) அந்த இரண்டு தாளையும் கையில் பிடித்தபடி படியேறி வந்தார். முட்டிவலி உள்ளவர், இரண்டு மாடி ஏறியிருக்கிறார். குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று கன்னடத்தில் பதறிக் கேட்டார். நல்ல மனுஷி, அவர் படித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் என் வீட்டுத் தாள் இன்னொரு வீட்டில் வெளியே வருகிறது என்றால் வேறு என்னவெல்லாம் அங்கே தெரிகிறது? கம்பியும் வைஃபையும் கலந்து, லைனையும் பங்கு போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வீடு தனியாக இருக்க வழி உண்டா?

கேபிள்காரர் எழுதியது:

தம்பி, பதறவேண்டாம், யாரும் உங்கள் வீட்டுக்குள் நுழையவில்லை. மூன்று வீடும் நெட்வொர்க் கணக்கில் ஒரே வீடாக இருக்கிறது, அதுதான் விஷயம். பக்கத்தில் தெரிகிற பிரின்டரைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும் வசதி விண்டோஸில் உண்டு, உங்கள் லேப்டாப் அஜ்ஜியின் பிரின்டரைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டிருக்கும்.

ரவுட்டர் சுவர் எழுப்புவது இன்டர்நெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் மட்டும்தான். சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்கள் ஒருவரை ஒருவர் தாராளமாகப் பார்க்கலாம், அவர்கள் கம்பியில் வந்தாலும் சரி, வைஃபையில் வந்தாலும் சரி. உங்கள் ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் ஆக்கிய அன்றே அது ரவுட்டர் வேலையை விட்டுவிட்டது, இப்போது அது கம்பியை வைஃபையாக மாற்றித் தரும் பெட்டி மட்டுமே. சந்தேகம் இருந்தால் உங்கள் போனின் ஐபி முகவரியையும் (நெட்வொர்க்கில் அதற்கான எண்) அஜ்ஜி போனின் முகவரியையும் பாருங்கள். முதல் மூன்று எண்ணும் ஒன்றாக இருந்தால் நான் சொல்வதுதான்.

இரண்டாம்மாடி எழுதியது:

பார்த்தேன். என்னுடையது 192.168.1.34, அஜ்ஜியுடையது 192.168.1.12. நெட்வொர்க்கில் உள்ளவற்றைக் காட்டும் ஃபிங் ஆப் போட்டு ஸ்கேன் செய்தால் 27 சாதனம் காட்டுகிறது, எங்கள் வீட்டில் இருப்பதே ஒன்பதுதான். அதில் இரண்டு கேமரா. ஒன்றின் முகவரியை பிரவுசரில் தட்டினேன், லாகின் பக்கம் அப்படியே திறந்தது. உடனே மூடிவிட்டேன், எதையும் போட்டுப் பார்க்கவில்லை. அது அவர்கள் ஹாலில் இருக்கிற கேமராவாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

அல்சூர்_அக்கா எழுதியது:

அந்தக் கேமராவுக்கு கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டே இருக்கிறதா என்று முதலில் அவர்களிடம் கேட்டு மாற்றச் சொல்லுங்கள், மற்ற எல்லாம் பிறகு. 2016இல் மிராய் என்று ஒரு வைரஸ் வந்ததே, அது கேமராவையும் ரவுட்டரையும் பிடித்ததே அப்படித்தான். கடையிலிருந்து வரும்போது இருக்கிற பெயர், பாஸ்வேர்ட் ஜோடிகள் அறுபதைச் சொச்சம் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது, எத்தனையோ வீட்டுக் கதவு திறந்துகொண்டது.

என் அனுபவம் சொல்கிறேன். அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு பெண்கள் குடியிருக்கிறார்கள், வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு கெஸ்ட் வைஃபை (விருந்தினருக்கான தனி வைஃபை) கொடுத்துவிட்டுப் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று ஒரு வருஷம் நிம்மதியாக இருந்தேன். சிக்னல் சரியாக வரவில்லை என்று ஒரு பெண் கேட்டதால் கேபிள் இழுத்து மாடியில் இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயின்டாக வைத்து அதிலும் கெஸ்ட் ஆன் செய்தேன். அந்த கெஸ்டிலிருந்து என் வீட்டு ஹார்ட் டிஸ்க் பெட்டி தெரிந்தது. நான் மருத்துவர்களின் குறிப்புகளைத் தட்டச்சு செய்து கொடுக்கும் வேலை செய்கிறேன், அதில் நோயாளிகளின் கோப்புகள் இருந்தன. அன்று எனக்குக் கை நடுங்கியது. ஆக்சஸ் பாயின்ட் மோடில் போட்டபின் கெஸ்ட் என்பது பல ரவுட்டர்களில் பெயருக்குத்தான் இருக்கும், பெட்டிக்குள் தடுக்கும், பெட்டியைத் தாண்டிக் கம்பியில் இறங்கிவிட்டால் தடுக்க ஆள் இல்லை.

ஓசூர்_ரோடு எழுதியது:

நேராகச் சொல்கிறேன், தனி கனெக்ஷன் எடுங்கள். இன்னொரு வீட்டுக்காரர் பெயரில் இருக்கிற லைனை வைத்து ஆபீஸ் வேலை செய்வதே சரியில்லை. அந்தப் பக்கமும் யோசியுங்கள், லைனில் யாராவது தப்பான வேலை செய்தால் ஐபி முகவரி போய் நிற்பது லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில். எழுபது வயது மனுஷி ஸ்டேஷனுக்குப் போய் நான் இல்லை, மாடியில் இருந்தவர்கள் என்று சொல்லவேண்டி வந்தால்? கம்பெனி கொடுத்த ஒப்பந்தத் தாளிலும் வெளியாட்களுக்குப் பகிரக்கூடாது என்று இருக்கலாம், வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாம்மாடி எழுதியது:

நீங்கள் சொல்வது நியாயம்தான் அண்ணா. ஓனர் அங்கிளிடம் கேட்டேன். புதிய ஃபைபருக்கு முன்பக்கச் சுவரில் துளை போட அவருக்கு இஷ்டம் இல்லை, போன வருஷம்தான் பெயின்ட் அடித்தார். ஒப்பந்தத்தைப் பற்றி கம்பெனியிடம் எழுத்தில் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். நாங்களும் அடுத்த வருஷம் வரைதான் இங்கே. அதுவரை ஒழுங்காக இருக்க வழி வேண்டும்.

மின்மினி எழுதியது:

இதற்கு இவ்வளவு பேச்சு எதற்கு? உங்கள் ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடிலிருந்து எடுத்துப் பழையபடி ரவுட்டர் மோடில் போட்டு, கீழிருந்து வரும் கேபிளை வான் (WAN, இன்டர்நெட் வரும் பக்கம்) போர்டில் செருகுங்கள். தனித்து வேறு நிறத்தில் ஒரு ஓட்டை இருக்குமே, அதுதான். முடிந்தது வேலை. நான் மாரத்தஹள்ளியில் இரண்டு வருஷமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பொட்டலம் எழுதியது:

மின்மினி சொன்னது பாதி சரி. மீதிப் பாதிதான் இந்த இழையிலேயே முக்கியமானது, அதனால் பொறுமையாக எழுதுகிறேன்.

பழைய முற்றம் வைத்த வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் அறைகள், நடுவில் முற்றம், முற்றத்திலிருந்து தெருவுக்கு ஒரு வாசல். ஒவ்வொரு அறைக்கும் தாழ்ப்பாள் உள்பக்கம். அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு இருப்பவர் வேண்டும்போது கதவைத் திறந்து முற்றத்துக்கு வரலாம், முற்றத்தில் நிற்பவர் அறைக்குள் போக முடியாது. வான் போர்டில் செருகிய ரவுட்டர் அப்படிப்பட்ட கதவு. உள்ளிருந்து கிளம்பும் இணைப்பை விடும், வெளியிலிருந்து கேட்காமல் வருவதை நிறுத்தும்.

இப்போது பிடிஎம் வீட்டுக்கு வாருங்கள். கம்பெனி பெட்டிதான் தெருவாசல். அதன் லேன் (LAN, வீட்டுப் பக்கம்) போர்ட்களும் அதன் வைஃபையும் சேர்ந்ததுதான் முற்றம். அஜ்ஜியின் போன், பிரின்டர், இரண்டு கேமரா எல்லாம் இப்போது முற்றத்தில் உட்கார்ந்திருக்கின்றன. நீங்கள் உங்கள் ரவுட்டரை வான் போர்டில் மாற்றினால் உங்கள் அறைக்குத் தாழ்ப்பாள் வந்துவிடும், கீழ்வீட்டிலிருந்து உங்கள் லேப்டாப்பை எட்ட முடியாது. ஆனால் நீங்கள் கதவைத் திறந்து முற்றத்துக்குப் போய் அந்தக் கேமராவின் லாகின் பக்கத்தை இன்றைக்குப் போலவே திறக்கலாம். முதல் மாடிக்காரர்களும் திறக்கலாம். நீங்கள் நல்லவர், செய்யமாட்டீர்கள். உங்கள் வீட்டுக்கு விருந்து வந்தவரின் போனில் ஏதாவது வைரஸ் இருந்தால்? சுவர் ஒரு பக்கம்தான் தடுக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெளிப்பெட்டியைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு குடித்தனக்காரரை உள்பெட்டியில் வைத்தால் நாம் பத்திரம் என்று நினைக்கிறார்கள், நடப்பது அதற்கு நேர் எதிர்.

ஆகவே முற்றத்தில் யாரும் இருக்கக்கூடாது. கம்பெனி பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அதன் லேன் போர்டில் மூன்று ரவுட்டர்கள் மட்டும், மூன்றும் வான் போர்ட் வழியாக. அஜ்ஜி வீட்டுக்கும் ஒரு ரவுட்டர் வாங்கியே ஆகவேண்டும், அதுதான் பலர் மிச்சம் பிடிக்க நினைத்துத் தவறுகிற இடம். வாசல் ஸ்விட்ச் இருக்கட்டும், அது முற்றத்தின் நீட்சி. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கம்பியும் வைஃபையும் அந்தந்த ரவுட்டருக்குப் பின்னால் எப்படி வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். உங்கள் டிவி கம்பியில் இருக்கும், போன் வைஃபையில் இருக்கும், இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும், கீழ்வீட்டுக்குத் தெரியாது.

முகவரியில் ஒரு எச்சரிக்கை. முற்றம் 192.168.1 என்று ஓடுகிறது. உள்ரவுட்டர் கடையிலிருந்து வரும்போதே அதுவும் 192.168.1 என்று இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே எண்ணாகிக் குழம்பிவிடும், இன்டர்நெட் வராது. அஜ்ஜிக்கு 192.168.10, முதல் மாடிக்கு 192.168.20, உங்களுக்கு 192.168.30 என்று வைத்துவிடுங்கள்.

மின்மினி எழுதியது:

நன்றி. என் வீட்டில் நான் வெளிப்பெட்டியில், பக்கத்து அறைப் பையன்கள் உள்பெட்டியில். அப்படியென்றால் இரண்டு வருஷமாக நான்தான் முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கே மாற்றுகிறேன். ஒரு சந்தேகம், ரவுட்டருக்குப் பின்னால் ரவுட்டர் வைத்தால் டபுள் நாட் (பல முகவரிகளை ஒன்றாக மாற்றும் வேலை இரண்டு தடவை) வரும், வேகம் போகும் என்கிறார்களே?

பொட்டலம் எழுதியது:

வேகம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் போகாது. வெளியிலிருந்து உங்கள் வீட்டுக்குள் இணைப்பு வரவேண்டிய வேலைகளுக்குத்தான் சிரமம்: வீட்டில் சர்வர் நடத்துவது, சில விளையாட்டுகள், சில பழைய கேமராக்களை வெளியூரிலிருந்து நேராகப் பார்ப்பது. வீடியோ கால், ஆபீஸ் விபிஎன் இவையெல்லாம் உள்ளிருந்து வெளியே போகிறவை, ஓடும். கம்பெனி பெட்டியின் வான் பக்கத்தில் 100.64 முதல் 100.127 வரை ஏதாவது முகவரி தெரிந்தால் கம்பெனியே ஏற்கெனவே ஒரு நாட் போட்டிருக்கிறது என்று அர்த்தம், இந்தியாவில் வீட்டு லைன்களில் அது சகஜம். அப்படி இருந்தால் உங்களால் இழக்க ஒன்றும் மிச்சம் இல்லை.

ராத்திரிஷிப்ட் எழுதியது:

மூன்று ரவுட்டர் அடுக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆபீஸ்களில் இதை விலான் (VLAN, ஒரே கம்பியில் பல தனி நெட்வொர்க் ஓட்டும் முறை) வைத்துத்தானே செய்கிறோம்? விலான் தெரிந்த ஒரு நல்ல ரவுட்டர், வாசலில் செட்டிங் மாற்றக்கூடிய ஒரு ஸ்மார்ட் ஸ்விட்ச், வீட்டுக்கு ஒரு எண். ஒரே கம்பியில் மூன்று வீட்டு டேட்டாவும் தனித்தனி முத்திரையோடு போகும். நாட் ஒன்றுதான். ஆக்சஸ் பாயின்டும் விலான் புரிந்ததாக இருந்தால் ஒரே பெட்டியில் மூன்று வைஃபை பெயர் விட்டு ஒவ்வொன்றையும் ஒரு விலானில் கட்டலாம். கெஸ்ட் வைஃபை பிரச்சினை அக்கா சொன்னாரே, அதற்கும் சரியான மருந்து இதுதான், பிரிவினை வைஃபையோடு நிற்காமல் கம்பி வரை தொடரும். முறையான வழி இருக்கும்போது ஒட்டுப்போட்ட வழி எதற்கு?

கேபிள்காரர் எழுதியது:

நானும் ஆபீஸ்களுக்கு விலான் போட்டுக் கொடுத்தே வயிறு வளர்த்தவன், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆபீஸில் சாவி ஐடி ஆளிடம் இருக்கும். மூன்று குடித்தனத்தில் சாவி யாரிடம்? இரண்டாம் மாடித் தம்பி எல்லாவற்றையும் செட் செய்தால் அஜ்ஜி வீட்டு வைஃபையும் அவர் கையில்தான். அடுத்த வருஷம் அவர் வீட்டைக் காலி செய்தபின் புதிதாக வருகிறவருக்கு அந்த ஸ்விட்சில் எந்த போர்ட் எந்த விலான் என்று யார் சொல்வது? ஒரு போர்டை மாற்றிச் செருகினால் முதல் மாடி கீழ்வீட்டுக்குள் போய்விடும், யாருக்கும் தெரியவும் தெரியாது. விலை குறைந்த ஸ்மார்ட் ஸ்விட்ச் சிலவற்றில் அதன் செட்டிங் பக்கத்தை எந்த விலானிலிருந்தும் திறக்க முடியும், அதையும் கண்டிருக்கிறேன்.

ரவுட்டர் முறையில் ஒவ்வொரு குடும்பமும் தன் பாஸ்வேர்டைத் தானே வைத்துக்கொள்ளும். காலி செய்யும்போது பெட்டியைக் கழற்றிக்கொண்டு போகலாம். உங்கள் சொந்த வீட்டில் கேமராவை ஒரு பக்கம், ஆபீஸ் லேப்டாப்பை ஒரு பக்கம் பிரிக்கவேண்டும் என்றால் விலான் போடுங்கள், நானே வந்து போட்டுத் தருகிறேன். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் வேண்டாம்.

ராத்திரிஷிப்ட் எழுதியது:

சாவி விஷயம் யோசிக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

அல்சூர்_அக்கா எழுதியது:

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒருநாள் எங்கள் வீட்டில் மேலும் கீழும் இன்டர்நெட் அடியோடு நின்றுவிட்டது. ஃபைபர் பெட்டியில் பச்சை விளக்கு ஒழுங்காக எரிகிறது, கம்பெனிக்காரர் லைன் சரியாக இருக்கிறது என்கிறார். மூன்று மணி நேரம் அலைந்து கடைசியில் ஸ்விட்சைப் பார்த்தேன். சாதாரணமாக அந்த விளக்குகள் ஒன்று மாற்றி ஒன்று மினுக்கும். அன்று எல்லாம் சேர்ந்து ஒரே வேகத்தில் துடித்துக்கொண்டிருந்தன. மாமியார் காலையில் வீடு துடைத்தபோது கேபிள் நுனி ஒன்று தரையில் கிடந்திருக்கிறது, ஈரம் படக்கூடாதே என்று பத்திரமாகக் காலி ஓட்டையில் செருகி வைத்திருக்கிறார். அதன் மறுமுனையும் அதே ஸ்விட்சில். அனுப்பிய தகவல் சுற்றிச் சுற்றி வந்து பெருகி ஸ்விட்சையே திணறடித்துவிட்டது. சாதாரண ஸ்விட்சுக்கு இதைக் கண்டுபிடித்து நிறுத்தத் தெரியாது. நுனியைப் பிடுங்கியதும் எல்லாம் வந்தது. வீட்டுக்கு ஒரு ரவுட்டர் இருந்திருந்தால் எங்கள் தளம் மட்டும் நின்றிருக்கும், மேலே அந்தப் பெண்ணின் இன்டர்வியூ பாதியில் போயிருக்காது.

இரண்டாம்மாடி எழுதியது:

சனிக்கிழமை எஸ்.பி. ரோட்டுக்குப் போய் இரண்டு ரவுட்டர், 30 மீட்டர் கேட்-6 கேபிள், கம்பி நுனியில் தலை பொருத்தும் கிரிம்பிங் டூல், ஒரு கவர் ஆர்ஜே-45 தலைகள் வாங்கி வந்தேன். பணத்தை மூன்று வீடும் பிரித்துக்கொண்டோம். முதல் மாடித் தம்பதிக்கு விஷயத்தை விளக்கியதும் அவர்கள்தான் முதலில் சரி என்றார்கள், அவர் வங்கி வேலையில் இருக்கிறார்.

பழைய கேபிளைக் கழற்றிப் புதியதைப் படியோரப் பைப்பில் விட்டுக் கிரிம்ப் செய்து செருகினேன். இன்டர்நெட் வந்தது. ஆனால் என் ரவுட்டரில் வான் இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்றே நிற்கிறது. கம்பெனி பெட்டி, ஸ்விட்ச், ரவுட்டர் எல்லாம் கிகாபிட். லைனே 100தான், விட்டுவிடலாம் என்று மனைவி சொன்னாள், எனக்கு மனசு ஆறவில்லை.

கேபிள்காரர் எழுதியது:

கம்பிக்குள் நான்கு ஜோடி. 100க்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் சத்தம் போடாமல் 100க்கு இறங்கிவிடும். நீங்கள் போட்ட நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கண்ணாடி போன்ற அந்தத் தலைக்குள் எட்டுக் கம்பியும் முனைவரை போய் முட்டியிருக்க வேண்டும். வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையும் இதே வரிசை. கேபிளின் வெள்ளைக் கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்து உள்ளே வெள்ளி நிறமாக இருந்தால் அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது, திருப்பிக் கொடுங்கள். முழுச் செம்பாக இருந்தால் உள்ளேயும் செம்புதான் தெரியும்.

இரண்டாம்மாடி எழுதியது:

அப்படியே இருந்தது! மகளின் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். ஏழு கம்பி தங்கப் பல்லுக்கு அடியில் போய் முட்டியிருக்கிறது, கடைசிப் பழுப்பு மட்டும் அரிசி மணி அளவுக்குப் பின்னால் நின்றுவிட்டது. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி போட்டேன், இந்தத் தடவை எட்டையும் ஒரே நேராக வெட்டிச் செருகினேன். 1000 காட்டுகிறது. கம்பி செம்புதான்.

அண்ணா, இன்னொன்று. மொட்டை மாடியில் ஒரு சிறிய அறை இருக்கிறது, ஓனர் மகன் வரும்போது தங்குவார். அங்கேயும் கீழ்வீட்டு நெட்வொர்க் வேண்டுமாம். வெளிச்சுவர் வழியாகக் கேபிள் இழுக்கலாமா?

கேபிள்காரர் எழுதியது:

வெளிச்சுவரில் செம்புக் கம்பி வேண்டாம் என்பேன். ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் சாயங்காலம் இடிக்கிற இடி உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் எங்கோ விழுந்தால்கூடத் திறந்த வெளியில் ஓடும் நீளமான கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்பட்டு இரண்டு முனையிலும் உள்ள போர்ட் செத்துப்போகும். அஜ்ஜியின் ரவுட்டர் போகும், அதன் வழியாகக் கம்பெனி பெட்டிக்கும் ஆபத்து. ஃபைபர் போடுங்கள், கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது. இரண்டு முனையிலும் ஃபைபரையும் செம்புக் கம்பியையும் இணைக்கும் மீடியா கன்வர்ட்டர் ஒவ்வொன்று, நடுவில் தயாராக வரும் ஃபைபர் வயர். கூர்மையாக மடிக்காமல் இழுக்கவேண்டும், அவ்வளவுதான். உள்ளே கேபிள் போடும்போதும் கரண்ட் வயர் ஓடும் பைப்பிலேயே சேர்த்து விடாதீர்கள், தனிப் பைப் போடுங்கள்.

பொட்டலம் எழுதியது:

கம்பி முடிந்தது என்றால் முற்றத்தைப் பார்ப்போம், அதில் இன்னும் மூன்று வேலை பாக்கி.

ஒன்று, கம்பெனி பெட்டியின் செட்டிங் பக்கம் 192.168.1.1 மூன்று வீட்டுக்கும் தெரியும், அதை மறைக்க முடியாது. ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டை மாற்றி ஓனரிடம் எழுதிக் கொடுங்கள். ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளியிலிருந்து செட்டிங் மாற்றும் வசதி), யுபிஎன்பி (சாதனங்கள் தாமே வெளிக்கதவு திறந்துகொள்ளும் வசதி) இரண்டையும் அணையுங்கள். வீட்டு ரவுட்டர்களில் டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்ட் இல்லாமல் எண்ணை வைத்து வைஃபையில் சேரும் வசதி) அணைத்திருக்கவேண்டும். அதன் எட்டு இலக்க எண்ணை இரண்டு பாதியாகப் பிரித்துப் பிரித்துச் சரிபார்ப்பதால் 11,000 தடவை முயன்றாலே போதும் என்று 2011இலேயே வெளியாகிவிட்டது. வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3, பழைய டிவி சேரவில்லை என்றால் டபிள்யூபிஏ2.

அடுத்தது, யாராவது புதிதாக ரவுட்டர் வாங்கி வான் போர்டுக்குப் பதிலாக லேன் போர்டில் செருகிவிட்டால் அது முற்றத்துக்குள் டிஎச்சிபி (தானாக முகவரி கொடுக்கும் முறை) முகவரி கொடுக்க ஆரம்பித்துவிடும். கேட்கிறவர்களுக்கு யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவர் முகவரிதான், அதனால் ஒருநாள் வரும், ஒருநாள் வராது, காரணமே புரியாது. மூன்று ரவுட்டருக்கும் வான் முகவரியைக் கையால் போட்டுவிடுங்கள். கம்பெனி பெட்டியின் டிஎச்சிபி 100இலிருந்து தொடங்கும்படி மாற்றி, ரவுட்டர்களுக்கு 192.168.1.11, 12, 13 என்று கொடுங்கள்.

கடைசியாக ஐபிவி6 (இதுவரை பேசிய ஐபிவி4 முகவரிகளுக்கு அடுத்த தலைமுறை முகவரி முறை), இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உள்ரவுட்டரில் ஐபிவி6ஐத் தடுக்காமல் அப்படியே விடும் ஐபிவி6 பாஸ்த்ரூ என்று ஒன்று இருக்கும். அது ஆனில் இருந்தால் ஐபிவி6 கணக்கில் உங்கள் சாதனங்கள் மறுபடி முற்றத்துக்கே வந்துவிடும், நீங்கள் கட்டிய சுவர் ஐபிவி4க்கு மட்டும். மூன்று பெட்டியிலும் பாஸ்த்ரூவை நிறுத்துங்கள்.

இரண்டாம்மாடி எழுதியது:

மூன்றும் செய்தேன். பாஸ்த்ரூ முதல் மாடி ரவுட்டரில் ஆனில்தான் இருந்தது. இப்போது என் லேப்டாப்பிலிருந்து ஸ்கேன் செய்தால் ஒன்பது சாதனம் மட்டும். கேமராவின் பழைய முகவரியும் புதிய முகவரியும் திறக்கவில்லை. ஸ்விட்சில் லேப்டாப்பை நேராகச் செருகியும் பார்த்தேன், கம்பெனி பெட்டியின் லாகின் பக்கத்தைத் தவிர வேறெதுவும் திறக்கவில்லை. முதல் மாடியிலிருந்தும் அவர்களை வைத்தே சோதித்தோம்.

ஒரு குறை மட்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு யாராவது போட்டோ எல்லாம் கிளவுடில் ஏற்ற ஆரம்பித்தால் என் ஆபீஸ் கால் உடைகிறது. அமெரிக்கா டீமோடு பேசுகிற நேரம் அது.

பொட்டலம் எழுதியது:

அது லைன் போதாமல் வருவது அல்ல, பெட்டிக்குள் வரிசை நீண்டுபோவதால் வருவது. பெரிய கோப்பு முன்னால் நிற்கிறது, உங்கள் குரல் அதன் பின்னால் காத்திருக்கிறது. உங்கள் ரவுட்டரில் எதை மாற்றினாலும் தீராது, மூன்று வீடும் சேரும் இடத்தில்தான் ஒழுங்குபடுத்தவேண்டும். ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான இலவச மென்பொருள்) போட்ட ரவுட்டர் ஒன்றைக் கம்பெனி பெட்டிக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் வைத்து, கம்பெனிக்காரரிடம் அவர்கள் பெட்டியை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலையை விட்டு லைனை அப்படியே கடத்தும்படி) போடச் சொல்லுங்கள், கேட்டால் சிலர் செய்து தருவார்கள். அதில் வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் நிறுவி கேக் என்கிற முறையைத் தேர்ந்தெடுத்து, லைன் 100 என்றால் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் 90 என்று வையுங்கள். வரிசை கம்பெனி பக்கம் சேராமல் உங்கள் கையில் இருக்கும்.

இதில் ஒரு அழகு இருக்கிறது. கேக் முகவரிக்கு முகவரி சமமாகப் பங்கிடும்படி வைக்கலாம். நடு ரவுட்டரின் கண்ணுக்கு ஒவ்வொரு வீடும் ஒரே ஒரு முகவரிதான், ஏனென்றால் வீட்டு ரவுட்டர் எல்லாவற்றையும் தன் பின்னால் மறைத்துவிடுகிறது. ஆகவே ஒரு வீட்டில் 15 போன் இருந்தாலும், இன்னொரு வீட்டில் ஒரே ஒரு லேப்டாப் இருந்தாலும், நெரிசல் நேரத்தில் பங்கு வீட்டுக்கு வீடு சமம். டபுள் நாட் என்று எல்லோரும் திட்டுகிற அமைப்பால் கிடைக்கிற நன்மை இது.

இரண்டாம்மாடி எழுதியது:

கம்பெனிக்காரர் பிரிட்ஜ் மோடில் போட்டுக் கொடுத்துவிட்டார், இரண்டு தடவை போன் செய்யவேண்டி இருந்தது. ஏற்றம் ஓடும்போது முன்பு பிங் (பதில் வர ஆகும் நேரம்) 300 மில்லிசெகண்டைத் தாண்டும், நேற்று 25ஐத் தாண்டவில்லை. முதல் மாடிக்காரர் படம் பார்த்துக்கொண்டிருந்தார், என் கால் ஒரு தடவைகூட உடையவில்லை. மூன்று தளத்திலும் 2.4 வைஃபை ஒரே சேனலில் மோதிக்கொண்டிருந்தது, அதை 1, 6, 11 என்று பிரித்து வைத்துவிட்டேன்.

அஜ்ஜிக்குத்தான் ஒரு வருத்தம். பேரனின் ஸ்கூல் தாளை முன்பெல்லாம் நான் மேலிருந்தே அவர் பிரின்டருக்கு அனுப்புவேன், இனி முடியாதே என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறேன், அவர் போனிலிருந்தே பிரின்ட் கொடுக்கச் சொல்லித் தந்திருக்கிறேன். இரண்டு தடவை உட்கார்ந்து பழகிக்கொண்டார்.

ஓசூர்_ரோடு எழுதியது:

நன்றாகச் செய்திருக்கிறீர்கள். ஒப்பந்தம் பற்றிய பதில் வந்ததா?

இரண்டாம்மாடி எழுதியது:

இன்னும் இல்லை அண்ணா, ஓனர் மறுபடி மெயில் போட்டிருக்கிறார். பகிர வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டால் சுவரில் துளை போட ஒத்துக்கொள்கிறேன் என்றார்.

கேபிள்காரர் எழுதியது:

வாசல் ஸ்விட்ச் திறந்த இடத்தில் இருக்கிறது, மறக்காதீர்கள். வைஃபைக்குப் பாஸ்வேர்ட் கேட்கும், கம்பியைச் செருகினால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பூட்டுள்ள ஒரு இரும்புப் பெட்டி, காற்று போக ஓட்டை வைத்தது, உள்ளே ஸ்விட்சும் அதற்கு ஒரு மினி யுபிஎஸ்ஸும். யுபிஎஸ் வாங்கும்போது ஸ்விட்ச் அடாப்டரில் 5 வோல்ட்டா, 9ஆ, 12ஆ என்று பார்த்து அதே வோல்ட் வாங்குங்கள். கரண்ட் போனால் கீழே பெட்டி இன்வெர்ட்டரில் ஓடும், நடுவில் ஸ்விட்ச் அணைந்துவிட்டால் மேலே உங்களுக்கு ஒன்றும் வராது.

இரண்டாம்மாடி எழுதியது:

இப்போதுதான் போய்ப் பார்த்தேன், அடாப்டரில் 5 வோல்ட் என்று இருக்கிறது. பெட்டிக்கு அளவு எடுத்துவிட்டேன், சாவி ஒன்று அஜ்ஜியிடம், ஒன்று முதல் மாடியில்.